மலையகத்தில் காடு காணியான வரலாறு



அட்டனில் புகைவண்டி ஏறி நானுஓயா நோக்கிச் செல்வோர் இருமருங்கும் காண்பது தேயிலை. அண்ணாந்து பார்க்கும் சரிவிலும் தேயிலை. குனிந்து பார்க்கும் பள்ளத்தாக்கிலும் தேயிலை. இம்மலைகள் தோன்றிய நாள்தொட்டே தேயிலையைத்தான் சுமந்து நின்றன என்று எண்ணத் தோன்றும். ஆயினும், வரலாற்றுக் கண்கொண்டு நோக்கின் இத்தோற்றம் மிக இளையது. இத்தீவில் தேயிலை வாணிகப் பயிராக வேரூன்றியது 1867ஆம் ஆண்டுக்குப் பின்னர். அதற்கு முன் மலைநாட்டுச் சரிவுகளில் பெருமளவில் நின்றது கோப்பி. கோப்பிக்கு முன் நின்றது காடு.

அந்தக் காடு யாருடையது? அதனை நம்பி வாழ்ந்தோர் யாவர்? காடு தோட்டமான பொழுது அவர்கள் கதி யாதாயிற்று? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம். காணியைப் பற்றிய ஏக்கமும் வழக்கும் மலையகத்தில் இன்றும் ஓயவில்லை. ஆதலின் இவ்வினாக்களைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது.

முதலில், இம்மலைகள் ஆளற்ற வெறும் வனமாகக் கிடந்தன என்னும் கருத்தை ஆராய்வோம். ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகள் பலவற்றில் இக்கருத்தே மேலோங்கி நிற்கின்றது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1819இல், ஜோன் டேவி என்னும் மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு அதனைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் வந்தோர்க்கு அவ்விடம் குளிரும் மூடுபனியும் யானைகளும் நிறைந்த தனிமைப் பெருவெளியாகவே தோன்றியது. ஆனால், 1840-களின் பிற்பகுதியில் அங்கே குடியேறிப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர், பழங்காலத்தார் மாணிக்கம் தோண்டிய குழிகளை அச்சமவெளியிலே கண்டதாகக் குறித்துள்ளார். மனிதர் வந்து போன தடம் மண்ணிலே இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னும் பழைய சான்றும் உண்டு. அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழிறங்கினால் கித்துல்கலை என்னும் ஊர் வரும். அதன் அருகே பெலிலென என்னும் மலைக்குகை உள்ளது. அங்கே நிகழ்ந்த அகழாய்வில், இற்றைக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதரின் எலும்புகளும் கற்கருவிகளும் கிடைத்தன. மழைக்காட்டிலே வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் அவர்கள் வாழ்ந்தனர். மஸ்கெலியாவின் மேலே நிற்கும் சிவனொளிபாதமலையோ பல சமயத்தாரும் நடந்து சென்று வணங்கிய இடம். மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுன் பத்தூத்தா 1344ஆம் ஆண்டில் அம்மலையில் ஏறியிருக்கின்றார். ஆளற்ற வனத்தில் யாத்திரைப் பாதை அமைவதில்லை அன்றோ?

கண்டி மன்னர் காலத்தில் மக்கள் நிலையாக வாழ்ந்த ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளிலே அமைந்திருந்தன. இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலை, வலப்பனை, அங்குராங்கத்தை ஆகிய பகுதிகள் அத்தகைய பழைய ஊர்களைக் கொண்டவை. அங்கு வாழ்ந்த குடியானவனின் சீவனம் மூன்று கால்களில் நின்றது எனலாம். ஒன்று, ஆற்றோரத்துப் படிக்கட்டு வயல். இரண்டாவது, வீட்டைச் சூழ்ந்த தோட்டம். அதிலே பலாவும் கமுகும் கித்துளும் நின்றன. மூன்றாவது, ஊருக்கு மேலே இருந்த காடும் பத்தனைப் புல்வெளியும்.

இம்மூன்றாவது காலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, அச்சாம்பலிலே குரக்கனும் தினையும் காய்கறியும் விதைப்பதைச் சேனைப் பயிர் என்பர். ஓரிரு போகம் விளைந்தபின் அத்துண்டைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவிட்டு வேறிடம் செல்வர். விட்ட இடத்தில் புதரும் மரமும் மீண்டும் எழும். மண் இழந்த சத்தைப் பெறும். அதன் பின்னரே அங்கு திரும்புவர். வயல் பொய்த்த ஆண்டில் உயிர் காத்தது சேனைக் குரக்கனே. எருமையும் மாடும் மேய்ந்தது பத்தனையில். வீட்டுக்கு மரமும் கூரைக்குப் புல்லும் நோய்க்கு மூலிகையும் நாவுக்குத் தேனும் தந்தது காடு. வயலுக்கு நீர் தந்த ஓடையும் அக்காட்டிலிருந்தே பிறந்தது. அரசனும் சில காடுகளை வெட்டக்கூடாத காடுகள் என்று தடைசெய்து காத்தான். அடர்ந்த வனமே அவன் இராச்சியத்துக்கு மதிலாக இருந்தமையும் இதற்கு ஒரு காரணம். ஆக, மேற்காட்டில் எவரும் வீடு கட்டி இருந்திலர். ஆனால், ஊர் முழுவதும் அதனைக் கொண்டு வாழ்ந்தது. வாழ்விடம் வேறு, வாழ்வாதாரம் வேறு என்பதை இங்கு நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மலைநாட்டின் கிழக்குச் சரிவுகள் ஊவா வழியாக இறங்கி மகியங்கனை, பிந்தனை ஆகிய பகுதிகளில் முடிகின்றன. அங்கே வாழ்ந்தோர் வேடர். இத்தீவின் ஆதிக்குடிகள் என்று நாம் போற்றுவது இவர்களையே. கண்டியிலே நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட தமது நூலில், காட்டிலே மான் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழும் வேடரைப் பற்றிக் கூறுகின்றார். காட்டின் பொருளைக் கொடுத்துத் தமக்கு வேண்டிய அம்பு முனையும் துணியும் அவர்கள் பெற்றனர். வாகரை, மூதூர் போன்ற கீழைக் கரைப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடரும் உளர் என்பதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். கண்டிக் குடியானவனும் வேடனும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தனர். எனினும் ஒரு செய்தியில் ஒத்திருந்தனர். தாம் பயன்கொண்ட காட்டுக்கு இருவரிடமும் ஓலையோ உறுதியோ இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அவர்களுக்கு உரிமைப் பத்திரம்.

இந்நிலையில்தான் கோப்பி வந்தது. 1820-களில் கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கன்னொருவையில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அவர்களும் கோப்பித் தோட்டம் அமைத்தனர். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பாதை அமைந்தது. 1830-களின் பிற்பகுதியில் கோப்பிக்கு இங்கிலாந்தில் நல்ல விலை கிடைத்தது. காணி வேண்டும் என்னும் கூக்குரல் எழுந்தது. ஆனால், ஒன்றை விற்பதற்கு முன் அது தன்னுடையது என்று காட்டுதல் விற்பவன் கடமை. அரசாங்கம் அதனை ஒரு சட்டத்தினால் நிறைவேற்றிக்கொண்டது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அது. காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. பழைய கண்டி மாகாணங்களில், சில ஆண்டுகள் இடைவிட்டு மட்டுமே பயிரிடக்கூடிய சேனை நிலத்துக்கும் இவ்விதியே. உரிமை கோருவோன் அரசன் அளித்த சன்னதைக் காட்ட வேண்டும். அன்றேல் வழமையான வரி செலுத்தியமைக்குச் சான்று காட்ட வேண்டும்.

இச்சட்டத்தின் உட்பொருளைக் கூர்ந்து நோக்குவோம். மண் இளைப்பாறட்டும் என்று குடியானவன் தரிசாக விட்ட காலத்தையே சட்டம் அவனுக்கு எதிரான சாட்சியாக ஏற்றுக்கொண்டது. நிலம் என்னுடையது என்று அரசாங்கம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. என்னுடையது என்று ஏழை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறியாதவனிடம் எழுத்தைக் கேட்டது சட்டம். ஆங்கில நாட்டிலேயே ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டு வளைக்கும் சட்டங்கள் நெடுங்காலமாக இயற்றப்பட்டு வந்தன. அங்குள்ள சிறுகுடியானவர்கள் அதனால் நிலமிழந்து நகரங்களை நாடினர். அந்நாட்டிலிருந்து வந்த அதிகாரிகளுக்குப் பொதுநிலம் என்பது வீண்நிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியோருள் குடியியற் சேவையாளரும் படை அதிகாரிகளும் நீதிபதிகளும் இருந்தனர். சட்டத்தை நடத்துவோரே அச்சட்டத்தின் பயனையும் நுகர்ந்தனர் என்பது அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்ட செய்தி.

காடு வீழ்த்தப்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது. மலையடியில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திக்கொண்டே செல்வர். உச்சியை அடைந்ததும் அங்கு நிற்கும் பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ள மரங்கள்மேல் விழ, அவை அடுத்த வரிசைமேல் விழ, சரிவு முழுவதும் இடிமுழக்கம் போன்ற ஓசையுடன் ஒருங்கே சரியும். வெட்டிய மரம் காய்ந்ததும் தீ வைப்பர். சேனைக்காரன் ஒரு துண்டை எரித்ததை நாட்டுக்குக் கேடு என்று எழுதிய அதே கைகள் மலைகளையே எரித்தன. இதிலே இன்னுமோர் உண்மை உண்டு. காடு வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துக் கோடரி பிடித்தவர்களுள் பெருந்தொகையினர் அண்டைக் கிராமத்துச் சிங்களவர். தங்கள் மேய்ச்சலும் சேனையும் மறையும் வேலையைத் தாங்களே கூலிக்குச் செய்யும் நிலை அவர்களுக்கு வாய்த்தது.

யானைக் கூட்டங்களும் தப்பவில்லை. யானையைக் கொன்றோர்க்கு அரசாங்கமே வெகுமதி அளித்த காலம் அது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் ஓர் அதிகாரி மட்டும் 1,400 யானைகளைச் சுட்டதாகக் கூறுவர்.

குடியானவனின் வயலை வெள்ளைத்துரை பறித்தானா என்று கேட்பின், பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடை. கோப்பி நாடியது வயலுக்கு மேலே இருந்த சரிவுகளை. குடியானவரும் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி நட்டு விற்றுப் பணம் கண்டனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆனால், மூன்று கால்களில் நின்ற சீவனத்தின் ஒரு கால் முறிக்கப்பட்டது. மேய்ச்சல் தேடிச் சென்ற எருமை இப்பொழுது தோட்டத்துக்குள் அத்துமீறிய எருமை ஆயிற்று. அதனைப் பிடித்துக் கட்டவும் தண்டம் அறவிடவும் சுடவும் நேர்ந்தது. சேனை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. காடிழந்த சரிவிலிருந்து மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு வயலில் இறங்கியது. நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று குற்றமாயிற்று.

1848ஆம் ஆண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகளைப் பாடநூல்கள் தவறாது கூறும். நாய்க்கு வரியா என்று மாணவர்கள் நகைப்பதுண்டு. சேனையைக் காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பவனுக்குத் துப்பாக்கியும் நாயும் எத்துணை இன்றியமையாதவை என்று உணர்ந்தால் நகைப்பு அடங்கிவிடும். கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆந் தேதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நுவரெலியா மாவட்டத்து வலப்பனைக்கு நேர்ந்தது இதனினும் அவலம். நெல்வரியை விளைச்சல் நோக்காது ஆண்டுதோறும் பணமாகவே செலுத்த வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதே காலத்தில் கோப்பி இலைத்துரு நோய் நாடெங்கும் பரவிக் குடியானவனின் கோப்பியையும் அழித்தது. சேனைக்கும் காட்டுக்கும் போகும் வழி முன்னரே அடைபட்டிருந்தது. பணத்துக்கு வழியற்றவர்களின் வயல்கள் வரி நிலுவைக்காக ஏலத்தில் விற்கப்பட்டன. 1880-களில் நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர், வலப்பனையிலும் உட ஏவாகெட்டையிலும் நிலமிழந்த குடும்பங்கள் பசியாலும் பிணியாலும் மடிந்ததை வெளிப்படுத்தினார். அது பெருங்கண்டனமாக வளர்ந்து, 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. நீதி வந்தது, மாண்டவர் மீண்டிலர்.

இனித் தேயிலைக்கு வருவோம். கோப்பி நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1869ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி வீழவே அனைவரும் தேயிலையை நாடினர். 1875இல் ஏறக்குறைய 1,000 ஏக்கராக இருந்த தேயிலை 1895இல் 3,00,000 ஏக்கரைத் தாண்டியது. கோப்பிக்காக 1860-களிலும் 1870-களிலும் வெட்டப்பட்ட திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாச் சரிவுகள் தேயிலைக்கு மாறின. கோப்பி ஏற மாட்டாத குளிர் உயரத்திலும் தேயிலை ஏறியது. புகைவண்டிப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது.

காடு இவ்வளவு விரைவில் மறைவது ஆபத்து என்று எச்சரித்தோரும் இருந்தனர். இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவரான ஜோசப் ஹூக்கர் அவர்களின் அறிவுரைப்படி, 1873இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. ஓட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்றும் எஞ்சி நிற்பதற்கு இது ஒரு காரணம். 2010இல் இவை நக்கிள்ஸ் மலைக்காட்டுடன் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. நற்செயலே. ஆயினும் குடியானவன் நிலையிலிருந்து நோக்குங்கள். விற்கப்பட்ட காட்டில் அவன் அத்துமீறியவன். காக்கப்பட்ட காட்டிலும் அவன் அத்துமீறியவன். 1885இல் காட்டுச் சட்டமும், 1897இல் தரிசு நிலச் சட்டமும் வந்து, 1840இல் இட்ட முடிச்சை மேலும் இறுக்கின.

இதுவரை நிலம் இழந்தோரைப் பற்றிக் கூறினேன். அந்நிலத்தில் உழைக்க வந்தோரைப் பற்றிக் கூறாவிடின் வரலாறு அரைகுறையாகும். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறட்சிக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்ட தமிழர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலே உயிரிழந்தோர் பல்லாயிரவர். மலையேறி வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. கண்டிக் குடியானவனின் கண்ணுக்கு, தன் காட்டை விழுங்கிய தோட்டத்தின் உருவமாக அத்தமிழனே தென்பட்டான். துரை பங்களாவில் இருந்தான். பங்குதாரர் லண்டனில் இருந்தனர். கண்ணெதிரே இருந்தவன் கூலித் தமிழன். கோபம் கண்ணெதிரே இருப்பவன்மீது பாய்வது உலக இயல்பு.

ஆனால், கணக்கைச் சரியாகப் பார்த்தால் இருவர் ஏட்டிலும் ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கும். ஒருவன் பயன்கொண்ட நிலத்தை இழந்தான். மற்றவன் பண்படுத்திய நிலத்தைப் பெறவே இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறுபக்கத்தில், 1949இல் நியமிக்கப்பட்ட கண்டிக் குடியானவர் ஆணைக்குழு, 1951இல் வெளியிட்ட அறிக்கையில் மலைநாட்டுக் கிராமங்களின் நிலமின்மையையும் வறுமையையும் விரிவாக எடுத்துரைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கிற்று. ஒரு துயரைத் தீர்க்க மற்றொரு துயரைப் படைக்கும் வழியும் அப்பொழுது திறந்தது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். ஏழையின் பசிக்கு ஏழையின் கைநிலமே ஈடாக வைக்கப்பட்டது.

இனி வேடரின் கதி. அவர்களுடைய காட்டைத் தேயிலை அதிகம் தீண்டவில்லை. சுதந்திர இலங்கையின் நீர்ப்பாசனத் திட்டங்களே அவர்களைத் தீண்டின. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் எழுந்த பெருநீர்த்தேக்கம் வேடரின் வேட்டைக் காடுகளை மூழ்கடித்தது. 1983இல் மகாவலித் திட்டத்தின் அங்கமாக மதுரு ஓயாத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வேடர் வேட்டையாடிய காடு வனவிலங்குக்கு உரியதாயிற்று. தம்பானையைச் சூழ்ந்து வாழ்ந்த வேடர் பலர் ஏனானிகலை என்னும் புதுக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் தம் குடும்பத்தினர் சிலரோடு செல்ல மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார். 1998இல் அங்கேயே காலமானார். நெற்காணியும் வீடும் தந்தோமே என்பது அரசாங்கத்தின் வாதம். தேன் எடுக்கும் குலத்துக்கு நெற்காணி தருவது வள்ளன்மைதானா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. 1840இல் ஆங்கிலேயன் எழுதிய வரி, ஆட்சி மாறிய பின்னும் அழியாமல் இருந்தது என்பதே இதனால் நாம் அறிவது.

தோட்டப் பகுதிக்கும் நீர்த்தேக்கம் வந்தது. 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபொழுது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் தலைகாட்டுகின்றன. மின்விளக்கு எரியும் ஒவ்வோர் இல்லத்துக்கும் இவ்வூர் மக்கள் ஏதோ ஒன்றை ஈந்திருக்கின்றனர்.

இவ்வரலாற்றின் ஒரு கிளை கடல் கடந்தும் செல்கின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு சென்றவர்களுக்குத் தொழில் அளிக்கத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் காட்டு நிலத்தில் தேயிலைத் தோட்டங்களை நிறுவியது. கூடலூர் வட்டாரமோ பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் முதலிய ஆதிக்குடிகளின் வாழிடம். ஒரு மலையில் நாடற்றவராக்கப்பட்டோர் மற்றொரு மலைக்குச் சென்று, அங்கும் காடு தோட்டமாகும் வேலைக்கே கை கொடுக்க நேர்ந்தது. அவர்களைப் பழித்துப் பயனில்லை. எங்கே குடியமர்த்துவது என்பதை அவர்களும் தீர்மானிக்கவில்லை, ஆதிக்குடிகளும் தீர்மானிக்கவில்லை. 2022இல் அத்தோட்டங்களின் ஒரு பகுதியை மீண்டும் வனத்துறையிடம் ஒப்படைக்க அரசாங்கம் முடிவு செய்தபோது, இரண்டு தலைமுறை உழைத்த தொழிலாளரை, இனி நாங்கள் எங்கே செல்வது என்னும் பழைய அச்சம் மறுபடியும் பற்றிக்கொண்டது.

ஆயினும் அந்நாட்டிலிருந்தே நம்பிக்கை தரும் ஒரு செய்தியையும் கூறலாம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கின்றது. உரிமைக்கு ஆதாரமாக, எழுதிய பத்திரங்களோடு ஊர் முதியோரின் வாக்குமூலத்தையும் ஏற்கலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. சட்டம் செயலாவதில் குறைகள் பல இருக்கலாம். ஆனால், 1840இல் சன்னதைக் கேட்ட சட்டத்துக்கும், முதியவரின் சொல்லைக் கேட்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

நேயர்களே, தேயிலை தீது என்று கூற நான் முன்வரவில்லை. இந்நாட்டின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பாதைகளும் தேயிலை ஈட்டிய பணத்தால் எழுந்தவை. இலட்சக்கணக்கானோர் இன்றும் அதனால் உண்கின்றனர். நிலத்தின் பயன் காலந்தோறும் மாறத்தான் செய்யும். மாற்றத்தைச் செய்யும்போது எவரைக் கேட்டார்கள் என்பதே வரலாறு கேட்கும் கேள்வி. கோப்பிக்குக் காடு வெட்டியபோது குடியானவரைக் கேட்கவில்லை. பூங்கா அமைத்தபோது வேடரைக் கேட்கவில்லை. நாடு மாற்றியபோது தோட்டத் தொழிலாளரைக் கேட்கவில்லை. மூவரும் தனித்தனியே முறையிட்டமையால் மூவர் குரலும் தாழ்ந்தே ஒலித்தது.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் மாண்ட வழியிலே மக்கள் மீண்டும் நடந்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணி உரிமை முதன்மையானது. நிலம் ஏழு பேர்ச்சா, அதனினும் கூடுதலா என்னும் விவாதம் நடந்துகொண்டே இருக்கின்றது. அக்கோரிக்கையை எழுப்பும் நாம், வலப்பனைக் குடியானவனின் இழப்பையும் தம்பானை வேடனின் இழப்பையும் சேர்த்தே பேசுவோமாயின், நமது வழக்கு வலுப்பெறும், நீதியும் பெறும். மலையக மாணவர்க்கு நெல்வரியின் கதையையும், கிராமத்துச் சிங்கள மாணவர்க்கு லயத்தின் கதையையும் கற்பிக்கும் நாள் வருமாயின், காடு காணியான வரலாற்றை இரு சாராரும் ஒரே ஏட்டில் படிப்பர். அந்நாள் விரைவில் வரப் பாடுபடுதல் நம் அனைவர் கடமையுமாகும்.